பாகவதரின் மறுவருகை

தமிழ்த் திரையின் முதற்பெரும் நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அவரது வாழ்க்கையைப் பற்றி நம்மிடையே வழங்கிவரும் கதையிலும் பெரிய வேற்றுமை இல்லை. ஏறினார், உச்சியில் நின்றார், சிறை சென்றார், வீழ்ந்தார். இவ்வளவுதான் கதை. செல்வம் நிலையாமைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் மேடைப் பேச்சாளர்கள் இன்றளவும் அவரையே தேடிப் பிடிக்கின்றனர். தங்கத் தட்டில் உண்டவர் இறுதியில் ஒன்றுமில்லாதவரானார் என்று சொல்லி நிறுத்தினால் கேட்போர் பெருமூச்சு விடுவர், பேச்சும் நிறைவுறும். மறையுரைகளிலும் இக்கதையை நாம் கேட்டிருக்கிறோம்.

ஆனால் கதை அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. 1947 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டு அவர் வெளியே வந்தபோது அவருக்கு வயது 37. அதன்பின் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 'ராஜ முக்தி' 1948இல் வந்தது. 'அமரகவி'யும் 'சியாமளா'வும் 1952இல் வந்தன. 'புது வாழ்வு' 1957இல் வந்தது. அவர் 1959 நவம்பர் 1ஆம் நாள் மறைந்தபின், 1960இல் 'சிவகாமி' திரைக்கு வந்தது. வாழ்நாளில் அவர் நடித்த 14 படங்களுள் ஐந்து இந்தப் பிற்காலத்தைச் சேர்ந்தவை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இந்தப் பணியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. 'ஓடவில்லை' என்ற ஒரே சொல்லோடு கடந்துவிடுகின்றனர். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் 'விதி' என்கின்றனர். விதி என்பது திறனாய்வாளனுக்கு உதவாத சொல். ஆகவே அந்த மறுவருகையை இங்கே சற்று நின்று நோக்குவோம்.

வழக்கின் விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'இந்து நேசன்' இதழாசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வாண்டு இறுதியில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஜூரிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கப் பணித்ததன் பயனாக இருவரும் விடுதலை பெற்றனர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சிறை. இடையில் பாகவதர் நடிக்கவிருந்த 'உதயணன்' ஜி. என். பாலசுப்பிரமணியத்திடம் போயிற்று, 'ஸ்ரீ முருகன்' ஹொன்னப்ப பாகவதரிடம் போயிற்று. நாற்காலி காலியாகுமுன்னே அமர ஆள் தேடும் உலகம் அது. இன்றும் அப்படித்தான்.

வீழ்ச்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. சிறை சென்றவர் என்ற கறையை மக்கள் மன்னிக்கவில்லை என்பது ஒன்று. இது நிற்காது. அதே வழக்கில், அதே தண்டனை பெற்று, அதே நாளில் விடுதலையான என். எஸ். கிருஷ்ணனை மக்கள் மலர்தூவி வரவேற்றனர். அவருடைய 'நல்லதம்பி' (1949) அண்ணாதுரை எழுதி வெற்றி பெற்ற படம். 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவற்றை அவரே இயக்கினார். கறை என்று ஒன்று இருந்திருந்தால் அது ஒருவர்மீது மட்டும் ஒட்டியதேன்?

மற்றொன்று, மக்களின் சுவை மாறிவிட்டது என்பது. இதில் உண்மை உண்டு. 'வேலைக்காரி' 1949இல் வந்தது. 'மந்திரி குமாரி' 1950இல் வந்தது. 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது. பாட்டின் இடத்தை வசனம் பிடித்துக்கொண்டது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர் என்ற பின்னணி முறை வேரூன்றியது. பாடத் தெரிந்தவனே நாயகன் என்ற காலம் போய்விட்டது. ஆயினும் இந்த விளக்கமும் முழுமையானதன்று. 'பராசக்தி' வந்த அடுத்த ஆண்டே, 1953இல், ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. பக்திக் கதை, படம் முழுவதும் பாட்டு, பாடி நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். அவர் பாகவதருக்கு முந்திய மேடைத் தலைமுறையின் சாயலை உடையவர். 'நந்தனார்' (1935), 'மணிமேகலை' (1940) ஆகியவற்றுக்குப் பின் நீண்ட காலம் திரையில் காணாதவர். தமிழ்நாடு அவரைக் கொண்டாடித் தீர்த்தது. ஆகப் பக்தியும் பாட்டும் செத்துவிடவில்லை. பாகவதரின் மறுவருகையில் மட்டும் ஏதோ ஒன்று ஒவ்வாமற்போனது.

அது என்ன என்று அறிய 'ஹரிதா'ஸுக்குத் திரும்ப வேண்டும். 1944 தீபாவளிக்கு வெளியான படம். சென்னை பிராட்வே அரங்கில் 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதை ஒரு சாதனைக் கணக்காகவே எல்லோரும் சொல்கின்றனர். ஆண்டுகளைச் சிறை ஆண்டுகளோடு அருகருகே வைத்துப் பார்ப்பவர் குறைவு. படம் வெளியாகிச் சில வாரங்களில் கொலை. சில மாதங்களில் தண்டனை. எஞ்சிய ஓட்டமெல்லாம் நாயகன் சிறையிலிருந்தபோதுதான். குதிரைமீது அமர்ந்து செருக்கோடு பாடிவரும் ஹரிதாஸ் திரையில். கம்பிக்குப் பின்னால் பாகவதர். பெற்றோரைத் துரத்திய மகன், பொருளையும் தன் கால்களையும் இழந்து, மனம் கசிந்து, திரும்பி வந்து அவர்களுக்குப் பணிவிடை செய்வதுதான் படத்தின் கதை. அந்தத் திரும்புதலைக் கண்டு இரண்டு ஆண்டுகள் மக்கள் அழுதனர். அழுதவர்களுள் எத்தனை பேர் சிறையிலிருந்த மனிதரை எண்ணி அழுதனர் என்று யார் அளக்க முடியும்?

'ஹரிதாஸ்' தனித்து நிற்கும் படமும் அன்று. பாகவதரின் பெரும் வெற்றிகளை ஒருசேர நோக்கினால் ஒரே கதை உருமாறி வருவதைக் காணலாம். 'சிந்தாமணி' (1937) தாசியின் மோகத்தில் கிடந்து கண்ணன் அடியவனாகும் பில்வமங்கனின் கதை. 'திருநீலகண்டர்' (1939) தவறிய கணவன் மனைவியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு இளமை முழுவதையும் துறந்து வாழ்ந்து, முதுமையில் குளத்தில் மூழ்கி அவளோடு இளமை பெற்று எழும் கதை. 'அசோக் குமார்' (1941) பழி சுமத்தப்பட்டுக் கண்ணிழந்த குணாளன் மீண்டும் ஒளி பெறும் கதை. விழுதல், இழத்தல், திரும்புதல். இந்த மூன்று படிகளையும் அவர் குரல் ஏறி இறங்கிக் காட்டிற்று. கதையின் நடுப்படியே அவருடைய உயிர்நிலை. உடைந்து நிற்கும் இடத்தில் பாடும்போதுதான் பாகவதர் பாகவதராகிறார். செல்வச் செருக்கில் பாடும் பாட்டுகளை ஊர் முணுமுணுத்தது. இழப்பில் பாடிய பாட்டுகளை ஊர் மனத்துள் வைத்துக்கொண்டது.

இனி 'ராஜ முக்தி'. விடுதலைக்குப்பின் அவரே முன்னின்று எடுத்த படம். புனாவின் பிரபாத் ஸ்டுடியோவில் உருவானது. இயக்கியவர் ராஜா சந்திரசேகர். 'அசோக் குமா'ரை இயக்கியவரும் அவரே. பாட்டு எழுதியவர் பாபநாசம் சிவன். அவரும் பழைய துணைவர். சிறுகதை வேந்தர் புதுமைப்பித்தன் இதன் வசனப் பணிக்காகப் புனா சென்றார்; அங்கே காசநோய் முற்றி, படம் வெளிவருமுன்னே 1948இல் மறைந்தார். தமிழ் உரைநடைக்கு இந்தப் படத்தால் நேர்ந்த இழப்பு, பாகவதருக்கு நேர்ந்த இழப்பினும் பெரிது என்று சொன்னால் அவருடைய அன்பர்கள் நம்மைப் பொறுத்தருள வேண்டும். பி. பானுமதியும் வி. என். ஜானகியும் நடித்தனர். எம்.ஜி.ஆரும் இருந்தார். சி. ஆர். சுப்பராமன் இசை. எம். எல். வசந்தகுமாரி பின்னணி பாடிய தொடக்கப் படங்களுள் இது ஒன்று. கூட்டணியில் குறை ஏதுமில்லை. குரலிலும் குறையில்லை, அந்த இசைத்தட்டுகள் இன்றும் சான்று கூறும்.

குறை வேறிடத்தில் உள்ளது. 'ராஜ முக்தி' 1944இல் எடுத்திருக்க வேண்டிய படம். அதே மகுடம், அதே அணிகள், தோளில் புரளும் அதே கேசம், அதே பக்தி நெறிக் கதை. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் உலகப் போர் முடிந்தது, நாடு விடுதலை பெற்றது, பிளவுண்டு குருதி சிந்தியது, காந்தியடிகள் சுடப்பட்டார். நாயகரோ சிறை சென்று மீண்டிருந்தார். இவற்றுள் எதுவும் நடவாதது போல அரசன் திரைக்கு வந்து பாடினான். பாடல்களில் அவருடைய சொந்தத் துயரின் சாயல் உண்டு என்பாரும் உளர், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துயர் மகுடத்தின் கீழ் மறைந்து நிற்கிறது. மூன்று தீபாவளிகளாக அவர் உடைந்து நின்றதைத் திரையில் கண்டு உருகிய மக்கள், மெய்யாகவே உடைந்து மீண்ட மனிதரைக் காண வந்தபோது, உடையாத அரசனைக் கண்டனர்.

நாம் இளங்குருவாகப் பணியாற்றிய இடத்தில், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். 'ஹரிதா'ஸை ஏழு முறை பார்த்தவர். பாகவதர் பெயரைச் சொன்னாலே நிமிர்ந்து உட்காருவார். 'ராஜ முக்தி பார்த்தீர்களா?' என்று ஒருமுறை கேட்டோம். 'பார்த்தேன் சாமி. பாதியிலே எழுந்து வந்துட்டேன்' என்றார். பாட்டு நன்றாக இல்லையா என்றதற்கு, 'பாட்டுக்கு என்ன குறை! அவரு அப்படியே பழைய மாதிரியேதான் இருந்தாரு. அதான் மனசுக்கு ஒட்டல' என்றார். நாம் பல நூல்களைப் புரட்டியும் இதைவிடத் துல்லியமான திறனாய்வை அப்படத்தைப் பற்றிக் கண்டதில்லை.

கலைவாணர் செய்ததை இதனோடு ஒப்பிடுக. அவர் சிறையிலிருந்தபோது அவருடைய நாடகக் குழுவினர் 'பைத்தியக்காரன்' என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தனர். வெளியே வந்ததும் அவர் அதில் சேர்ந்து நடித்தார். மதுரத்தோடு சேர்ந்து, சிறைக்குப் போய்வந்தவர்களைப் பற்றியே ஒரு நகைச்சுவைப் பாட்டையும் அதில் வைத்தார். ஊரெல்லாம் வாய்க்குள் பேசிக்கொண்டிருந்ததை அவரே உரக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார். அதன்பின் பேச எவருக்கு என்ன மிச்சம்? 'நல்லதம்பி'யில் வந்த 'கிந்தனார்' கதாகாலட்சேபமும் அத்தகையதே. பழைய நந்தனார் கதையின் அச்சை எடுத்துக்கொண்டு, கல்வி கற்க ஏங்கும் சிறுவனின் கதையை அதில் வார்த்தார். பழைய கலையை அவர் தூக்கி எறியவுமில்லை, அதற்குள் ஒளிந்துகொள்ளவுமில்லை. எங்கே போயிருந்தேன் என்பதை முதலில் மக்களிடம் சொன்னார். பிறகு கையில் புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தார்.

இங்கே பாகவதருக்கு நாம் அநீதி செய்துவிடலாகாது. நகைச்சுவை நடிகன் சிறையைப் பற்றிச் சிரிக்கலாம். சேற்றில் விழுந்து எழுவது அவன் தொழில். பாகவதரை மக்கள் அந்த இடத்தில் வைக்கவில்லை. அவரைப் போலக் கிராப்பு வைத்துக்கொண்டார்கள். அவரைப் போலச் சில்க் ஜிப்பா உடுத்தினார்கள். அவரைச் சுமக்கும் ரயிலுக்காக நிலையங்களில் காத்துக் கிடந்தார்கள். திருச்சியில் வளர்ந்த ஒரு பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளையை, அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவனை, ஒரு சிலையாக்கி வைத்தவர்கள் நாம்தாம். சிலைக்குக் காயம் காட்ட உரிமை உண்டா? 'நான் நொந்து வந்திருக்கிறேன்' என்று அவர் சொல்லியிருந்தால் நாம் கேட்டிருப்போமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நமக்குத் துணிவில்லை. திரையில் திருந்தும் பாவிக்கு அழுவது எளிது. அது மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆயினும் ஒன்று சொல்வோம். ஊதாரி மகன் உவமையில் சிறந்த ஆடையைக் கொணரச் சொன்னவர் தந்தை. மகன் அதைத் தானே உடுத்திக்கொண்டு வீட்டு வாசலுக்கு வரவில்லை; கந்தலோடுதான் வந்தான். 'ராஜ முக்தி'யில் பாகவதர் ஆடையைத் தாமே உடுத்திக்கொண்டு வந்தார். வரவேற்கக் காத்திருந்தவர்களின் கைகளுக்கு வேலை இல்லாமற்போயிற்று.

'அமரகவி'யை அதிகம் ஆராய வேண்டியதில்லை. டி. ஆர். ராஜகுமாரி, கலைவாணர், மதுரம் என 'ஹரிதாஸ்' கூட்டம் மீண்டும் திரட்டப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முந்திய வெற்றியை ஆட்களைக் கூட்டித் திரும்பக் கொணர்ந்துவிடலாம் என்ற கணக்கு. பாகவதருக்கு வயது 42. இன்னும் காதல் நாயகர். திருநீலகண்டருக்குக் கிடைத்த குளம் நடிகர்களுக்குக் கிடைப்பதில்லை. அதே காலத்தில் சுந்தராம்பாள், நாற்பதுகளின் நடுவில், நரைமுடி தரித்துக் கையில் கோலூன்றிக் கிழவியாக வந்தார் என்பதைக் கருதுக. முதுமையைத் தேடிச்சென்று அணிந்துகொண்டவர் அவர். 1964இல் 'பூம்புகா'ரின் கவுந்தியடிகள், 1965இல் 'திருவிளையாட'லின் ஔவை என அந்த வேடமே அவரை மேலும் பல ஆண்டுகள் நடத்திச் சென்றது. 'அசோக் குமா'ரில் பாகவதருக்குத் தந்தையாக நடித்த சித்தூர் வி. நாகையாவும், நாயகனாக இருந்தவர்தாம், பின்னாளில் தந்தை வேடங்களிலேயே நிலைத்தார். அவர் ஈட்டிய செல்வமும் நில்லாமற் போனது. ஆனால் திரையில் அவருக்கு ஓர் இடம் இறுதிவரை இருந்தது. பாகவதருக்கு இப்படி ஓர் இறங்குபடி அமையவில்லை. அவர் அதை நாடவில்லையா, எவரும் காட்டவில்லையா என்று நாம் தீர்ப்பிட மாட்டோம்.

1957ஆம் ஆண்டு நமக்கு இன்னும் அதிகம் சொல்கிறது. அவ்வாண்டில்தான் பாகவதர் தாமே இயக்கிய 'புது வாழ்வு' வெளிவந்தது. பெயரிலேயே ஒரு வேண்டுதல் இருக்கிறது. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப்பின் வந்த அந்தப் படத்தை மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதே ஆண்டில் 'அம்பிகாபதி'யும் வந்தது. 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் பாகவதர் நடித்துப் புகழ்பெற்ற அதே கதை. இப்போது சிவாஜி கணேசன் நாயகர். இசையமைத்தவர் ஜி. ராமநாதன்; பாகவதரின் உச்சநாள் படங்களில் அவரோடு பணியாற்றிய அதே ராமநாதன். பாடியவர் டி. எம். சௌந்தரராஜன், பாகவதரின் பாணியைப் பின்பற்றித் தொடங்கிப் பின் தம் வழி கண்டவர். ராகம் தழுவிய அந்த மெட்டுகளைத் தமிழகம் தெருத்தெருவாகப் பாடிற்று. ஆகப் பாகவதர் விதைத்த இசையை மக்கள் வெறுத்தார்கள் என்று யார் சொல்ல இயலும்? விளைச்சலை இன்னொருவர் களத்தில் அறுத்துக்கொண்டார்கள். விதைத்தவர் பக்கத்து வயலில் தனியே நின்றுகொண்டிருந்தார்.

அவரது இறுதி ஆண்டுகளில் படங்கள் நின்றன; கச்சேரிகள் நிற்கவில்லை. திரையரங்குக்கு வர மறுத்தவர்கள் கோயில் திருவிழாப் பந்தல்களில் தரையில் அமர்ந்து அவரைக் கேட்டனர். அங்கே மகுடம் இல்லை. காதல் நாயகி இல்லை. வயதை மறைக்கும் பூச்சு இல்லை. ஒரு மனிதர், ஒரு தம்புரா, பக்கவாத்தியங்கள். இதைப் பற்றி எழுதியவர்கள் 'கச்சேரிக்கு இறங்கிவிட்டார்' என்று இரங்கல் தொனியில் எழுதுகின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய மெய்யான மறுவருகை அந்தப் பந்தல்களில்தான் நிகழ்ந்தது என்றும், அதை எவரும், ஒருவேளை அவரும்கூட, வருகையென்று எண்ணிக் கொள்ளவில்லை என்றும் கருதுகிறோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஹரிதாஸ்' பாடல்களை இன்றும் வானொலியில் போடுகின்றனர், எல்லோரும் கேட்டிருப்போம். 'ராஜ முக்தி' பாடல்களும் தேடினால் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே மாலையில், படத்தைப் பாராமல், அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முன்னதில் குரல் நீரில் ஓடும் வெள்ளிமீன் போலத் துள்ளுகிறது. பின்னதில் கார்வை சற்றே கூடியிருக்கிறது; மேல் ஸ்தாயிக்கு ஏறுமுன் ஒரு கணம் நின்று ஏறுகிறது. அந்த ஒரு கணத்தை நாம் பலமுறை திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறோம்.